முனியம்மாவின் மாலை முறை

"பாக்காத தண்ணிய எப்படிம்மா அளப்பே?" என்று சுஷ்மிதா ஒருநாள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. அம்மா ஸ்ரீதேவி சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, ஒரு ஓடையின் மேல் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து ஓடையப் பாத்து அளப்பேன்டா. அங்க தண்ணி அளக்கற கேஜ் வெச்சிருக்கு. இங்க இல்ல."

சுஷ்மிதா கொஞ்சம் யோசித்தாள். "பக்கத்து வீட்டு அபிஷேக் எவ்ளோ இட்லி சாப்பிடுறான்னு பாத்து நான் எவ்ளோ சாப்பிடுவேன்னு சொல்லிடுவியா?"

அடுப்படியிலிருந்து அவள் கணவன் ஹரிஹரன் சிரித்தான். "உங்க ஆபீஸ்ல இவளை வேலைக்குச் சேத்துடு" என்றான். ஸ்ரீதேவிக்கும் சிரிப்பு வந்தது. ஒரே வயது, ஒரே உயரம், ஒரே பசி என்றால் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம் என்று மகளுக்கு விளக்கினாள். மகள் அதற்குள் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டாள்.

ஸ்ரீதேவியின் வேலையே அதுதான். செங்கல்பட்டில் இருக்கும் தண்ணீர் அலுவலகத்தில் உதவிப் பொறியாளர். எல்லா ஓடைக்கும் அளவுகோல் நட்டு, ஆள் வைத்து, தினமும் குறித்துக்கொண்டிருக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது. அதனால் அளவு இருக்கும் ஓடையின் தண்ணீரைக் கொண்டு அளவு இல்லாத ஓடையை மதிப்பிடுவார்கள். இரண்டுக்கும் மழை விழும் பரப்பு எவ்வளவு, மண் எப்படி, மேட்டில் எத்தனை ஏரி என்று ஒத்துப்பார்த்து, இங்கே இவ்வளவு ஓடினால் அங்கே இவ்வளவு ஓடும் என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று பிரித்துக் கொடுப்பது.

சுஷ்மிதா கேட்ட அன்று மேசையில் கிடந்தது ஆலந்தாங்கல் ஓடை. திருப்போரூருக்குத் தெற்கே குன்றுகளில் தொடங்கி, கிழக்கே பக்கிங்காம் கால்வாயில் போய்ச் சேரும் சின்ன ஓடை. நடுவில் பழைய கருங்கல் அணைக்கட்டு. அதிலிருந்து ஒரு வாய்க்கால் ஆலந்தாங்கல் வயல்களுக்குப் போகிறது. அந்த ஓடையில் கோடையிலும் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும் என்று ஸ்ரீதேவியின் கணக்கு சொன்னது. மிஞ்சுவதைக் குழாய் வழியாகச் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே இருக்கும் ஒரு மீனவர் குப்பத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகலாம் என்று உத்தரவு வந்தது. அந்தக் குப்பத்தில் எங்கே தோண்டினாலும் உப்பு. உத்தரவு வந்த அன்று ஸ்ரீதேவி திருப்போரூர் முருகனுக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். தன் பென்சில் கோடு ஒன்று நாலு வீட்டுப் பானையை நிரப்பப்போகிறது என்ற சந்தோஷம் அவளுக்கு.

அந்தச் சந்தோஷம் ஒரு மாசி மாத மத்தியானத்தில் போயிற்று.

ஆலந்தாங்கலுக்காக ஒத்துப்பார்த்த அந்த அளவுகோல் ஓடைக்கு வேறு வேலையாகப் போயிருந்தாள். ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் பெரிய ரோட்டுக்குப் பக்கத்தில், பாலத்தின் தூணில் கேஜ் பதித்திருக்கும். மழை நின்று மாதக்கணக்காகியும் தண்ணீர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஓரத்தில் நுரை கட்டியிருந்தது. குனிந்தாள். சோப்பு வாசனை. கரையோரமாகவே மேலே நடந்தாள். முள்ளுச்செடிகளுக்கு நடுவில், வரிசையாக நின்ற அடுக்குமாடிகளின் மதிலுக்குக் கீழிருந்து ஒரு பெரிய குழாய் எட்டிப்பார்த்தது. சுத்திகரித்த கழிவுநீர் அதிலிருந்து சளசளவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஓடை காய்ந்து வெடித்துக் கிடந்தது.

ஸ்ரீதேவி அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். பூமியிலிருந்து ஊறி வருவதாக நம்பி அவள் எடுத்துக்கொண்ட கோடைத் தண்ணீர் முழுக்கக் குளியலறைகளிலிருந்து வந்தது. அடுக்குமாடியே இல்லாத ஆலந்தாங்கலில் அதை அவள் கொண்டுபோய் ஓட விட்டிருந்தாள். கோடையில் அங்கே மிஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை. மோட்டாரைப் போட்டால் அது வாய்க்காலுக்குப் போகிற கடைசித் தண்ணீரைத்தான் உறிஞ்சும்.

மறுநாள் காலையில் செயற்பொறியாளர் அருணகிரியின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

நல்ல மனிதர் அவர். சுஷ்மிதாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஸ்ரீதேவியின் வெளிவேலைகளையெல்லாம் வெயிலில் அலைந்து தானே முடித்துக் கொடுத்தவர். அந்த மதிப்பீட்டில் கையெழுத்துப் போடும்போதும், "நீ போட்ட கணக்கும்மா, நான் வேற பாக்கணுமா?" என்று சொல்லிவிட்டுப் போட்டவர். வைகாசியில் அவருக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. ஓய்வுக்கு முந்தின கடைசி வாய்ப்பு.

"மோட்டார் ரூம் கட்டியாச்சு. குழாய் பதிச்சாச்சு. சித்திரைல திறப்பு விழா" என்றார் கடைசியில். "விழா முடியட்டும். ஒரு வருஷம் ஓட்டிப் பாத்துட்டு, திருத்தம்னு போட்டுக்கலாம். இப்ப சொன்னா உனக்கும் வேலை நிரந்தரம் ஆகாது, எனக்கும்..." வாக்கியத்தை முடிக்காமல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவரை எப்படி மீறுவது? வீட்டுக்கு வந்தால் வாசலில் ஏசுபாதம். குப்பத்துக்காரர், வாரத்தில் இரண்டு நாள் அவள் குடியிருக்கும் டவுன்ஷிப்புக்கு மீன் கொண்டுவருபவர். உத்தரவு வந்ததிலிருந்து அவளுக்குத் தனியாக ஒரு பொட்டலம் எடுத்துவைத்துவிடுவார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. "எங்க வூட்டுக்காரி குடத்தத் தூக்கினு லாரி பின்னாடி ஓடறா மேடம், முட்டி தேஞ்சி போச்சு. உங்க புண்ணியத்துல அவ உக்காரட்டும்" என்பார். ஸ்ரீதேவியால் அந்த மீனைச் சாப்பிட முடியவில்லை. சொன்னால் ஏசுபாதத்தின் வீட்டில் தண்ணீர் இல்லை, சொல்லாவிட்டால் ஆலந்தாங்கலில் இல்லை. இரண்டு பக்கமும் காலிப் பானைகள் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பூஜை அறையில் நின்றால் கேட்பதற்கு ஒரு வரமும் தோன்றவில்லை.

பங்குனியில் அருணகிரி அவளை ஆலந்தாங்கலுக்கு அனுப்பினார். திறப்பு விழாவுக்கு முன்னால் அணைக்கட்டில் ஒரு கேஜ் நட்டுவிட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்றார்.

டிரைவர் ஜெயக்குமார் ஜீப்பை மோட்டார் ரூம் பக்கத்தில் நிறுத்தினதுதான் தாமதம், ஊர் கூடிவிட்டது. கத்தல் கூச்சல் ஒன்றும் இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு பனைமரத் துண்டை உருட்டிவந்து ஜீப்புக்கு முன்னால் போட்டார்கள். பின்னால் ஒரு டிராக்டர் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கினவர் செங்கல்வராயன். நிலமும் உண்டு, திருப்போரூரில் இரண்டு லோடு வண்டியும் ஓடுகிறது. சட்டைப் பையில் செல்போனும் சீப்பும் வைத்துக்கொண்டு நிதானமாக வந்தார்.

"இன்னாம்மா கையில?" என்று ஸ்கேல் பலகையைக் காட்டிக் கேட்டார்.

"கேஜ் சார். ஓடையில எவ்வளவு தண்ணி போகுதுன்னு..."

"தண்ணி மிஞ்சுதுன்னு எழுதினு போயிட்டீங்க. இப்ப வந்து அளக்கறீங்களா? எங்கூர்ல ஜாக்கெட் தைக்கறவகூட மொதல்ல அளவெடுத்துட்டுத்தான் துணிய வெட்டுவா."

கூட்டம் சிரித்தது. ஸ்ரீதேவிக்குக் காது சுட்டது.

"கோடையில இங்க தண்ணி கீதுன்னு எழுதினது யாரு? அத்த மட்டும் சொல்லு. பேரு சொன்னா மரத்தத் தூக்கிடறோம்."

"மேலிடத்துல கேட்டுச் சொல்றேன் சார்" என்றாள். அவள் வாயே அவளுக்குப் புளித்தது.

"கேளு. நாங்க எங்க போகப் போறோம்? உக்காந்துகினு இருக்கோம்."

உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்கள் டிராக்டர் நிழலில், பெண்கள் மோட்டார் ரூம் சுவரோரம். ஸ்ரீதேவி ஜீப்பில். ஜெயக்குமார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மெல்லச் சொன்னான்: "முன்னாடி பனமரம், பின்னாடி டிராக்டர், மேல வெயிலு. பூமி வெடிச்சு வழி வுட்டாத்தான் மேடம் நாம வூடு போய்ச் சேரலாம்."

அருணகிரிக்குப் போன் செய்தாள். "எதுவும் வாய் திறக்காதே" என்றார் அவர். குரலில் பயம் இருந்தது. "உத்தரவு வந்திருக்கு, அவ்வளவுதான் தெரியும்னு சொல்லு. போலீஸ் அனுப்பச் சொல்லவா?"

"வேண்டாம் சார். யாரும் ஒண்ணும் பண்ணலை."

உண்மையிலேயே யாரும் ஒன்றும் பண்ணவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு பெண் சொம்பில் மோர் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். "குடிம்மா. சண்ட உங்கிட்ட இல்ல, இந்த ஜீப்புகிட்டதான்" என்றாள். மறியல் செய்கிறவர்கள் கொடுத்த மோரைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களிடம் மறைக்கிற உண்மையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, நகர முடியாமல் உட்கார்ந்திருப்பதைவிட இரண்டு திட்டு வாங்கியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

வெயில் ஏறியது. ஜீப்பின் தகரம் கொதித்தது. எதிரே அணைக்கட்டு. அதன் காலடியில் தேங்கியிருந்த தண்ணீர் ஒரு பெரிய கொப்பரை அளவுதான். அதிலிருந்து வாய்க்காலுக்குள் மெல்லிசாக ஒரு ஓட்டம். இதில் மிச்சம் எடுக்கலாம் என்று எழுதினவளே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான்தான் எழுதினேன்" என்கிற ஒரு வார்த்தை நாக்கின் நுனிவரைக்கும் வரும். உடனே அருணகிரி ஆஸ்பத்திரி வராந்தாவில் பழப்பையோடு நின்றது ஞாபகம் வரும். அவர் நகர்ந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏசுபாதத்தின் மனைவி வருவாள். வார்த்தை உள்ளே போய்விடும்.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. காலையில் ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினவள். மோரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் அவள் வைத்திருந்ததற்கு அதுதான் காரணம். ஆண்களுக்கு ஒரு மரத்தின் மறைவு போதும். அவள் எங்கே போவாள், யாரிடம் கேட்பாள்?

உச்சி சாய்கிற நேரத்தில், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒருத்தி நின்றாள். ஐம்பதைத் தாண்டிய வயது, குள்ளம், முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். ஜீப்புக்குள் பார்த்தாள். மோர்ச் சொம்பைப் பார்த்தாள். ஸ்ரீதேவி முழங்காலைச் சேர்த்து வைத்திருந்த விதத்தைப் பார்த்தாள்.

"குடிக்காம வெச்சினு கீறியே. எனக்குப் புரிஞ்சிபோச்சு, எறங்கி வா" என்றாள்.

"இல்லம்மா, பரவாயில்ல..."

"இன்னா பரவாயில்ல? எறங்கு."

மண்வெட்டியைப் பனைமரத் துண்டில் சாய்த்துவிட்டு, ஜீப் கதவை அவளே திறந்து கையைப் பிடித்து இறக்கினாள். செங்கல்வராயன் எழுந்தார்.

"ஏ முனியம்மா, எங்க கூட்டினு போற? நாங்க இன்னா இங்க கபடியா ஆடறோம்?"

"பொம்பளைங்க சமாச்சாரம். வெவரம் சொல்லட்டுமா உனுக்கு?"

செங்கல்வராயன் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஊரே திரும்பிக்கொண்டது. ஒருவன் வானத்தைப் பார்த்தான், ஒருவன் டிராக்டர் டயரைத் தட்டிப் பார்த்தான். அவர்களைக் கடந்து போகும்போது ஒரு கண்கூட அவள்மேல் படவில்லை. அத்தனை பேரும் சேர்ந்து கொடுத்த அந்தச் சின்ன மரியாதையை ஸ்ரீதேவி வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை.

முனியம்மாவின் வீடு ஊரின் மறுகோடியில், அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீடு. பின்னால் கழிவறை இருந்தது. வெளியே வந்தபோது ஸ்ரீதேவிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்தாள். முனியம்மா தாங்கிக்கொண்டுபோய்ப் பாயில் படுக்கவைத்து, மின்விசிறியைப் போட்டு, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை வாயில் ஊற்றினாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று ஸ்ரீதேவி நினைத்தாள். பல வாரங்களாக வராத தூக்கம் அந்த முன்பின் தெரியாத வீட்டில் வந்து அவளை அமுக்கிக்கொண்டது.

விழித்தபோது வெயில் சாய்ந்து வாசற்படியில் கிடந்தது. முனியம்மா அங்கே உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்த அவள் மகள் பூங்கொடி, பையைக்கூடக் கீழே வைக்காமல் தாயிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ப முறை போச்சும்மா. செங்கல்வராயன் மாமா ஆளு வுட்டுத் தொறந்துகினாரு. பயிரு பால் புடிக்கற நேரம், இன்னிக்கு வுட்டா இனி எப்ப வரும்?"

"மெதுவாப் பேசு. தூங்குது பாரு அந்தப் பொண்ணு."

"எனுக்கு இன்னா? தண்ணிய எடுத்துகினு போறவங்கள இட்டாந்து நம்ப வூட்ல படுக்க வெச்சிகினு கீற."

ஸ்ரீதேவி எழுந்து உட்கார்ந்தாள். பூங்கொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன முறை?" என்று கேட்டாள் ஸ்ரீதேவி.

முனியம்மா சொல்ல விரும்பவில்லை. பூங்கொடிதான் சொன்னாள். தண்ணீர் குறைந்தால் ஊரில் முறை வைத்துவிடுவார்கள். ஒரு வயலுக்குக் காலை முறை, ஒரு வயலுக்கு மாலை முறை. இன்றைய மாலை முறை முனியம்மாவுடையது. வாய்க்காலின் கடைசி வயல் அவளுடையதுதான். உச்சி சாய்ந்ததும் போய் மடையைத் திறந்து, பொழுது சாயும்வரை கூடவே நின்று தண்ணீரை ஓட்டிக்கொண்டுபோக வேண்டும். முறைக்காரர் வராவிட்டால் அடுத்தவர் திறந்துகொள்ளலாம். சாமி காரியம், சாவு எதுவானாலும் சரி, போன முறை போனதுதான்.

"யாராவது தங்கிட்ட கீற முறைய கடனா குடுத்தா வாங்கிக்கலாம்" என்றாள் முனியம்மா, கீரையைப் பார்த்துக்கொண்டே. "திருப்பித் தண்ணியாத்தான் குடுக்கணும். துட்டு குடுத்தா இந்த ஊர்ல எவனும் வாங்க மாட்டான், அது ஒரு கட்டுப்பாடு. அத்த வுடு. உனுக்குத் தலசுத்தல் நின்னுச்சா?"

"என்னை எழுப்பியிருக்கலாமே. இல்ல, விட்டுட்டுப் போயிருக்கலாமே அம்மா."

"எப்டிப் போறது? வெளியில கூட்டம். எவனாவது குடிச்சிட்டு வந்து கதவத் தட்டினா நீ பயந்துக்க மாட்ட? பச்சப்புள்ள மாரி தூங்கினு இருந்த." பிறகு கீரைக் காம்பை வீசிவிட்டுச் சொன்னாள்: "போனா போவுது."

அவள் பெருமைக்காக அதைச் சொல்லவில்லை, ஸ்ரீதேவியிடம் ஏதாவது எதிர்பார்த்தும் சொல்லவில்லை. வாசலில் காற்று வந்துகொண்டிருந்தது. ஸ்ரீதேவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். அத்தனை வாரம் பூஜை அறையில் நின்றபோது வராத ஒரு தெளிவு அப்போது வந்தது. ஆண்டவன் தன் பதிலை எப்போதும் கோயிலில்தான் வைத்திருப்பான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கீரை உருவுகிறவள் கையிலும் அவன் கொடுத்து அனுப்புவதுண்டு.

முனியம்மா பின்னால் வர, மோட்டார் ரூமுக்கு நடந்தாள். கூட்டம் அப்படியே இருந்தது.

"மேலிடத்துல கேட்டுட்டியாம்மா?" என்றார் செங்கல்வராயன்.

"எழுதினது நான்தான் சார்" என்றாள் ஸ்ரீதேவி. "கணக்கு தப்பு. கோடையில இங்க மிச்சத் தண்ணி கிடையாது."

ஜெயக்குமார் ஜீப்பிலிருந்து மெல்ல இறங்கினான். ஸ்ரீதேவி நடந்ததைச் சொன்னாள். பாலத்தில் அளந்தது, நுரை, குழாய், அடுக்குமாடி எல்லாவற்றையும் சொன்னாள். டெக்னிக்கல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் சொல்ல முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசியில் ஒருவன் கேட்டான்: "அப்ப அவங்க குளிச்சுவுட்ட தண்ணிய எங்க ஓடைல வரவு வெச்சிட்டியா?"

ஒரு கிழவி முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஏளனமும் இருந்தது, பாரம் இறங்கின நிம்மதியும் இருந்தது. செங்கல்வராயன் மட்டும் சிரிக்கவில்லை.

"இத்த காலைலயே சொல்லிருந்தா ஒரு நாள் பொழப்பு கெட்டிருக்காதே."

"பயந்துட்டேன் சார்."

செங்கல்வராயன் போய்ப் பனைமரத்தின் ஒரு முனையை அவரே பிடித்தார்.

மரம் உருண்டு போவதற்குள் அவள் அருணகிரிக்குப் போன் செய்தாள். "சார், நான் சொல்லிட்டேன்." "சரிம்மா. பத்திரமா வந்து சேரு" என்றார் அவர்.

மறுநாள் அவர் அறைக்குள் போகவே கால் வரவில்லை. அவர் திருத்திய மதிப்பீட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உன்னை நம்பித்தான் அன்னைக்குக் கையெழுத்துப் போட்டேன். இன்னைக்கும் உன்னை நம்பித்தான் போடறேன்" என்றார். சரிபார்க்காமல் அனுப்பியது தன் தவறு என்று தன் பெயரை முதலில் எழுதியிருந்தார். வைகாசியில் பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. ஸ்ரீதேவிக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது, வேலை நிரந்தரமாவது தள்ளிப்போயிற்று. மழை மாதங்களில் மட்டும் மோட்டார் ஓடலாம், கோடையில் ஓடையைத் தொடக்கூடாது என்று உத்தரவு மாறியது. ஏசுபாதத்தின் குப்பத்துக்குக் கோடையில் பழையபடி லாரிதான். அவர் மீன் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. தனிப் பொட்டலம் மட்டும் நின்றுபோயிற்று. அவர் மனைவியின் முட்டியைப் பற்றி ஸ்ரீதேவி கேட்கத் தொடங்குவாள், பாதியில் நிறுத்திவிடுவாள். உண்மை சொன்னால் எல்லோருக்கும் நல்லது நடந்துவிடும் என்று குழந்தைகளுக்குச் சொல்கிறோம். நடப்பதில்லை. ஆனால் பொய்யின்மேல் வைத்த குடம் நிறைவதும் இல்லை என்பதை அவள் பிடித்துக்கொண்டாள்.

ஆலந்தாங்கல் ஓடையை இனி மதிப்பிட வேண்டாம், நேரிலேயே அளக்கட்டும் என்று மேலே முடிவு செய்தார்கள். வாராவாரம் போய்க் கேஜ் பார்க்கிற வேலை அவள் தலையில் விழுந்தது. அலுவலகத்தில் அதைத் தண்டனை என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த மாசியில், திருப்போரூர் தேர் அன்றும் அவள் முறைப்படி போனாள். ஜீப் இல்லை, ஜெயக்குமாரும் தேருக்குப் போயிருந்தான். ஸ்கூட்டரில் ஆலந்தாங்கல் கூட்டுரோட்டுக்கு வந்தபோது ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள் முனியம்மா. உள்ளே, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பூங்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

"வலி வந்துடுச்சு கண்ணு, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள் முனியம்மா. ஸ்ரீதேவி பூங்கொடியின் கையைப் பிடித்து அழுத்தினாள். ஆட்டோ கிளம்பும்போது முனியம்மா தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல, "இன்னிக்குப் பாத்து மாலை முறை நம்புளுது. போனா போவுது, புள்ள நல்லபடியாப் பொறக்கட்டும்" என்றாள்.

ஊருக்குள் ஆள் நடமாட்டமே இல்லை. எல்லாக் கதவிலும் பூட்டு. கேஜைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். தண்ணீர் மெல்லிசாகத்தான் போயிற்று. வெயில் உச்சியைவிட்டு இறங்க ஆரம்பித்திருந்தது. வாய்க்காலில் அந்த மெல்லிய ஓட்டம் ஒருவருக்கும் உதவாமல் ஓடைக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்ரீதேவி செருப்பைக் கழற்றினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். கடைசி வயலின் வரப்பில், புதருக்குள் ஒரு மண்வெட்டி சொருகியிருந்தது. எடுத்துக்கொண்டு போய் மடையை வெட்டினாள். முதல் வெட்டில் மண்வெட்டி கையைவிட்டுப் போயிற்று. இரண்டாவதில் மண் பெயர்ந்து தண்ணீர் உள்ளே திரும்பியது. அவள் நினைத்ததுபோல அது நேராகப் போகவில்லை. பாதி வழியில் ஒரு எலி வளைக்குள் புகுந்து பக்கத்து வயலுக்குத் தப்பித்துக்கொண்டிருந்தது. புல்லைப் பிடுங்கிச் சேறோடு சேர்த்து வளைக்குள் திணித்தாள். மிதித்தாள். வேறு இடத்தில் கசிந்தது. அதையும் அடைத்தாள். ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் வரப்பு கரையும். ஓட்டத்தின் கூடவே குனிந்து குனிந்து நடந்தாள். உள்ளங்கையில் கொப்புளம் எழுந்தது. ஒரு காலில் முள் ஏறியது. தூரத்தில் திருப்போரூர்ப் பக்கமிருந்து மேளச் சத்தம் காற்றோடு வந்து வந்து போயிற்று. தேர் நகர்கிறது போலும் என்று நினைத்து, சேற்றுக் கையோடு அந்தத் திசைக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வயலின் கடைசி மூலையைத் தொட்டது. வெடித்திருந்த மண் சின்னச் சத்தத்தோடு அதைக் குடித்தது. பயிரின் அடிகள் கறுத்து நனைந்தன. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்து நின்றாள். நாளைக்கு முனியம்மா வந்து பார்த்தால் செங்கல்வராயன்தான் மனசு வந்து அவள் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார் என்று நினைத்துக்கொள்வாள். அவர் இல்லை என்று சொன்னாலும் நம்பமாட்டாள். நினைக்கட்டும். இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் நல்லெண்ணம் வளர்ந்தால் கெட்டுப்போகாது.

சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கியதும் அடுத்த முறைக்காரருக்காக மடையை மூடி, மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினாள். மண்வெட்டியை வாய்க்காலில் கழுவி, இருந்த புதரிலேயே சொருகிவைத்தாள். ஸ்கூட்டரை வரப்பிலிருந்து ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கணுக்காலில் சேறு காய்ந்து இறுக ஆரம்பித்திருந்தது.